பேசிக் அணியை சி ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி மொழியில் எழுதிய ஃபங்ஷன் அணி (array) கேட்கிறது என்றால் முதல் உறுப்பின் முகவரியைக் கேட்கிறது, அவ்வளவுதான். எத்தனை உறுப்பு, எந்த எண்ணில் ஆரம்பம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பேசிக் மொழி அப்படியில்லை. தரவு இருக்கும் இடம், பரிமாணம், எல்லைகள் எல்லாவற்றையும் டிஸ்கிரிப்டர் என்ற தனிக் குறிப்பில் வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான கோளாறுகள் இந்த வித்தியாசத்தில்தான் முளைக்கின்றன.

பேசிக் ஃபங்ஷனுக்கு அனுப்பிய பழக்கத்தில், அணியின் பெயரோடு வெற்று அடைப்புக்குறி போட்டு சி-க்கும் அனுப்புவார்கள். ஃப்ரீபேசிக் என்ற பேசிக் வகையில் அப்படி அறிவித்தால் போவது டிஸ்கிரிப்டர். சி அதையே எண்கள் என்று நினைத்துப் படிக்கும். படித்தால் குப்பை வரும், அதோடு போகும். எழுதினால்தான் வினை: டிஸ்கிரிப்டர் சிதைந்து, சம்பந்தமே இல்லாத வேறொரு வரியில் புரோகிராம் விழும். அறிவிப்பில் பாயின்டர் என்று எழுதி, முதல் உறுப்புக்கு முன் @ போட்டு அனுப்புங்கள். 1 முதல் 10 வரை அறிவித்த அணிக்கு 0-ஆம் உறுப்பின் முகவரியைக் கொடுத்தால் ஒரு இடம் முன்னாலிருந்து வாசிக்கும். விஷுவல் பேசிக் 6-இல் பைரெஃப் (மதிப்புக்குப் பதில் முகவரி போகும்) அளவுருவுக்கு முதல் உறுப்பைக் கொடுத்தாலே போதும்.

அடுத்தது இன்டிஜர் என்ற முழு எண் வகை. பெயர் ஒன்று, அளவு வேறு. விஷுவல் பேசிக் 6-இல் 2 பைட். ஃப்ரீபேசிக்கில் 32 பிட்டில் 4, 64 பிட்டில் 8. சி-யின் இன்ட் இன்றைய கணினிகளில் பொதுவாக 4 பைட். 64 பிட் ஃப்ரீபேசிக்கில் 10, 20, 30 என்று இன்டிஜர் அணி அனுப்பினால், சி-க்குத் தெரிவது 10, 0, 20. ஒன்றுவிட்டு ஒன்று பூஜ்யம் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். இரண்டு பேசிக்கிலும் லாங் 4 பைட்தான், இன்ட்டுக்கு அதையே வையுங்கள். ஆனால் சி-யின் லாங் வேறு கதை: 64 பிட் விண்டோஸில் 4, லினக்ஸில் 8. அதற்கென்றே ஃப்ரீபேசிக்கில் சிலாங் இருக்கிறது.

எண்ணிக்கையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அணியை டிம் (Dim) என்று அறிவிக்கும்போது 10 என்று போட்டால், 0-இலிருந்து எண்ணி 11 உறுப்புகள். மேல் எல்லையில் கீழ் எல்லையைக் கழித்து 1 கூட்டுங்கள். கேட்பது உறுப்பா, பைட்டா என்றும் பாருங்கள்: சி-யில் வரிசைப்படுத்தும் க்யூசார்ட், உறுப்பு எண்ணிக்கையையும் ஒரு உறுப்பின் பைட் அளவையும் தனித்தனியாகக் கேட்கும், நகலெடுக்கும் மெம்காப்பிக்கு மொத்த பைட். க்யூசார்ட்டுக்குத் தரும் ஒப்பீட்டு ஃபங்ஷனை சிடெக்ல் (cdecl, சி-யின் அழைப்பு முறை) என்று அறிவிக்க மறந்தால், 32 பிட் விண்டோஸில் ஸ்டாக் குலையும்.

இரு பரிமாண அணியை ஃப்ரீபேசிக் சி-யைப் போல வரிசை வரிசையாக வைக்கும். விஷுவல் பேசிக் 6 நெடுவரிசை நெடுவரிசையாக (column). அங்கே வரிசை எண், நெடுவரிசை எண் இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும்.

ஸ்டிரிங் அணியை அப்படியே அனுப்பவே கூடாது. ஃப்ரீபேசிக்கில் ஒவ்வொரு ஸ்டிரிங்கும் தனி டிஸ்கிரிப்டர், 64 பிட்டில் 24 பைட். இசட்ஸ்டிரிங் (சி பாணி ஸ்டிரிங்) பாயின்டர் அணி ஒன்றை உருவாக்கி, ஸ்டிர்பிடிஆர் (StrPtr) மூலம் முகவரிகளை நிரப்பி அனுப்புங்கள்.

சில லைப்ரரிகள் முகவரியை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பயன்படுத்தும். அதற்குள் ரீடிம் பிரிசர்வ் (தரவை வைத்துக்கொண்டு அணியின் அளவை மாற்றுவது) செய்தால் தரவு வேறிடம் போயிருக்கலாம். ரீடிம் செய்தபின் புது முகவரியை மறுபடி கொடுங்கள்.