போர்டு வாங்குபவரின் கையைப் பழக்குதல்: பிசிபி பொருத்தும் பயிற்சியை நடத்தும் முறை

கோயம்புத்தூர் வட்டாரத்தில் பம்பு மோட்டார்களுக்கான ஸ்டார்ட்டர் பெட்டிகளைச் செய்யும் சிறு பட்டறைகளில், கட்டுப்பாட்டு போர்டை முழுதாக வாங்காமல் வெறும் பிசிபியையும் (செம்புத் தடங்கள் பதித்த சர்க்யூட் அட்டை) அதற்குரிய பாகங்களையும் ஒரு தொகுப்பாக வாங்கித் தங்கள் ஆட்களை வைத்தே பொருத்திக்கொள்வோர் உண்டு. அப்படித் தொகுப்பு விற்பவர்கள், வாங்குபவரின் ஆட்களுக்கு எப்படிப் பயிற்சி தரலாம் என்பதைப் பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன். வேலை செய்யவில்லை என்று திரும்பி வரும் போர்டுகளைப் பிரித்துப் பார்த்தால், குறை பெரும்பாலும் சர்க்யூட்டில் இருப்பதில்லை. பையைப் பிரித்த நேரத்துக்கும் முதன்முதலில் மின்சாரம் கொடுத்த நேரத்துக்கும் இடையில் கைகள் செய்த ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது. ஆகவே பயிற்சியும் சர்க்யூட் விளக்கத்தில் தொடங்காமல் கையில் தொடங்க வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், வாடிக்கையாளர்களை உட்கார வைத்து, ஒரு போர்டை முழுவதும் நானே பொருத்திக் காட்டுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள், நானும் கற்றுக்கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். பத்து நாளில் அதே ஆட்கள் செய்த போர்டுகள் ட்ரை சால்டருடன் (ஈயப் பற்றவைப்பு சரியாக ஒட்டாத இணைப்புகளுடன்) திரும்பி வந்தபோதுதான், பார்த்தவர்களின் கண் மட்டுமே பழகியிருந்தது என்பது புரிந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புதிய ஆட்களைத் தயார் செய்ய 1940இல் தொடங்கப்பட்ட பயிற்சித் திட்டம் ஒன்றில், கற்பவரைத் தயார் செய்தல், செய்து காட்டல், அவரைச் செய்ய வைத்தல், பின்தொடர்ந்து பார்த்தல் என்று நான்கு படிகள் வகுத்திருந்தார்கள். நான் இரண்டாவது படியோடு நின்றிருந்தேன். இப்போது மூன்றாவது படிக்கே பாதிக்கு மேற்பட்ட நேரத்தை ஒதுக்குகிறேன்.

ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஏழாவது ஆளின் கை என்ன செய்கிறது என்று பார்க்க நேரம் கிடைக்காது. பட்டறையில் சால்டரிங் செய்யும் பெண்கள், வயரிங் செய்பவர், தோட்டத்துக்குப் போய் பழுது பார்க்கும் மெக்கானிக் ஆகிய மூவருக்கும் தேவைப்படுவது வேறு வேறு என்பதால், முடிந்தவரை அவர்களைத் தனித்தனியாகவே வரச் சொல்ல வேண்டும். முதலாளி கூடவே உட்கார்ந்தால் ஆட்கள் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். அவருக்கு வேறோர் அறையில் காபி கொடுத்துவிடுவது நல்லது.

போர்டைக் கையில் எடுக்கும் விதம்

வந்தவுடன் எதுவும் பேசாமல் பாகங்கள் பொருத்திய பழைய போர்டை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, அதைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைக்கச் சொல்ல வேண்டும். சிலர் ஐசி எனும் கருப்புச் சில்லின் மீதே கட்டை விரலை அழுத்திப் பிடிப்பார்கள், சிலர் ரிலேயைப் பிடித்துத் தூக்குவார்கள், சிலர் தெர்மாகோல் அட்டையின் மேல் வைப்பார்கள். யாரையும் அப்போது திருத்த வேண்டாம். கவனித்து வைத்துக்கொண்டால், பிறகு பேச வேண்டியவை அனைத்தும் அந்த ஐந்து நிமிடத்திலேயே கிடைத்துவிடும்.

உரசலால் உடம்பிலும் பொருள்களிலும் சேரும் நிலைமின்னைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதில் அவர்கள் மேல் குற்றமும் இல்லை. நம் விரலில் சுரீரென்று படும் அளவுக்கு நிலைமின் சேர வேண்டுமானால் சுமார் 3000 வோல்ட் தேவை, ஆனால் சில பாகங்கள் 100, 200 வோல்ட்டிலேயே கெட்டுவிடும். அதாவது பாகம் கெடும்போது கைக்கு ஒன்றுமே தெரிவதில்லை. எனவே சொல்வதை விட்டுவிட்டுக் காட்ட வேண்டும். ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, ஓர் எல்இடி, அதற்குத் தொடராக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஆகியவற்றை இணைத்து, மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கேட் காலை எதனுடனும் இணைக்காமல், விரல் நீள வயர் ஒன்றை மட்டும் அதில் மாட்டி வையுங்கள். பயிற்சிக்கு வந்தவரிடம் பிளாஸ்டிக் ஸ்கேலைக் கொடுத்துத் தலைமுடியில் தேய்த்துவிட்டு அந்த வயருக்கு அருகில் மெதுவாகக் கொண்டுபோகவும் விலக்கவும் சொல்லுங்கள். ஸ்கேல் வயரைத் தொடாமலேயே, அதன் நகர்வுக்கேற்ப எல்இடி எரியும், அணையும். அந்தக் கணத்தில் முகங்கள் மாறுவதைப் பார்க்கலாம். அந்த கேட் அதிகபட்சம் 20 வோல்ட்தான் தாங்கும் என்பதையும், தலைமுடியில் தேய்த்த ஸ்கேலில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கக்கூடும் என்பதையும் அதற்குப் பிறகு சொன்னால், உடம்பில் சேரும் நிலைமின்னை எர்த்துக்கு இறக்கும் மணிக்கட்டுப் பட்டையான ரிஸ்ட் ஸ்ட்ராப்பை அவர்களே கேட்டு வாங்குவார்கள்.

ரிஸ்ட் ஸ்ட்ராப்பைக் கட்டிக்கொள்ள ஒருவர் மறுத்தால் சோம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். உடம்பை எர்த்தில் கட்டிவிட்டால் ஷாக் அடித்து இறந்துவிடுவோம் என்ற நியாயமான பயம் அதில் இருக்கும். ஸ்ட்ராப்பின் வயரில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருப்பதையும், தவறுதலாக 230 வோல்ட்டைத் தொட்டாலும் அந்த வழியே 0.23 மில்லி ஆம்பியர்தான் பாய முடியும் என்பதையும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அதே நேரத்தில், மின் இணைப்புள்ள போர்டைச் சோதிக்கும்போது ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொன்று, பல பட்டறைகளில் பிளக்கின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயரே இருக்காது. அவர்கள் இடத்து எர்த்தை ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்த பிறகே ஸ்ட்ராப்பை மாட்டச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் வெறும் கையால் தொட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று யாராவது கட்டாயம் கேட்பார். காற்றில் ஈரம் இருக்கும்போது நிலைமின் சேர்வது குறைவு, ஏசி போட்ட அறையிலும் வறண்ட நாள்களிலும் அதிகம் என்பதே பதில். பைகளைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. இளஞ்சிவப்புப் பை தன்னளவில் நிலைமின்னை உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதை அது தடுக்காது. தடுப்பது வெள்ளி நிறத்தில் மினுமினுக்கும் ஷீல்டிங் பை. கூரியரில் போர்டு அனுப்புபவர் முதலில் வெள்ளிப் பையில் போட்டு, அதற்கு வெளியேதான் தெர்மாகோலோ வேறு பொதிபொருளோ வைக்க வேண்டும்.

போர்டை வளைப்பதால் வரும் சேதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அரிசி மணி அளவுள்ள செராமிக் சிப் கெபாசிட்டர்கள் பீங்கானைப் போன்றவை. போர்டு சற்று வளைந்தாலே உள்ளுக்குள் விரிசல் விடும், வெளியே எதுவும் தெரியாது. மாதங்கள் கழித்து அந்த விரிசலில் ஈரம் இறங்கி ஷார்ட் ஆகும்போது பழி சர்க்யூட்டின் மேல் விழும். ஆகவே நான்கு போர்டுகள் சேர்ந்த தகட்டை முழங்காலில் வைத்து அப்பளம் போல ஒடிக்கக் கூடாது. பெட்டியில் பொருத்தும்போதும் ஒரு மூலைத் திருகை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், நான்கையும் பாதி பாதியாக முடுக்கி வர வேண்டும்.

பாகங்களைப் பொருத்தும் வரிசை

இதில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. உயரம் குறைந்த பாகம் முதலில், உயரமானது கடைசியில் என்பதே விதி. ரெசிஸ்டர், டயோடு, ஐசி சாக்கெட், சிறு கெபாசிட்டர், பெரிய கெபாசிட்டர், ரிலே, டெர்மினல், டிரான்ஸ்ஃபார்மர் என்று போனால், போர்டைக் கவிழ்த்துச் சால்டர் செய்யும்போது பாகங்கள் நழுவி விழாது. ரெசிஸ்டரின் மதிப்பைக் காட்டும் கலர் கோடை மனப்பாடம் செய்ய வைப்பதை நான் விட்டுவிட்டேன். மாலை வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரியும், மல்டிமீட்டரில் அளந்து பார்க்கச் சொல்வதே பாதுகாப்பானது.

திசை பார்த்துப் போட வேண்டிய பாகங்களுக்கு மட்டும் பொறுமை வேண்டும். டயோடின் கோடு கேத்தோடை (மைனஸ் பக்கக் கால்) குறிக்கும், எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் உடம்பில் உள்ள பட்டை மைனஸ் காலைக் குறிக்கும், ஐசியின் பள்ளமோ புள்ளியோ முதல் காலின் பக்கத்தைக் காட்டும். இதைக் கற்றுக்கொண்டவர், சிப் வடிவ டான்டலம் கெபாசிட்டர் கைக்கு வந்ததும், பழக்கத்தில் பட்டை உள்ள பக்கத்தை மைனஸில் வைத்துவிடுவார். அதில் பட்டை பிளஸ் பக்கம். தலைகீழாக வைத்து மின்சாரம் கொடுத்தால் புகைந்து தீப்பிடிக்கும். உங்கள் தொகுப்பில் டான்டலம் இருந்தால் அதைத் தனிக் கவரில் போட்டு, கவரின் மேல் அதைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

சால்டரிங்

பயிற்சியின் பாதி நேரம் இங்கேதான் போக வேண்டும். விற்பனைக்கான போர்டை உடனே கொடுக்காமல், பழைய போர்டையும் ஒரு கைப்பிடி ரெசிஸ்டரையும் கொடுத்து, ஆளுக்கு 40 இணைப்புகள் போட வையுங்கள். முதல் பத்து மோசமாகவும், முப்பதாவது தாண்டியதும் ஒரே மாதிரியாகவும் வருவதை அவர்களே பார்ப்பார்கள்.

நம் ஊரில் பரவலாக இருக்கும் தவறான பழக்கம், சால்டரை முதலில் சால்டரிங் அயர்னின் முனையில் உருக்கி எடுத்துக்கொண்டு, பெயிண்ட் பூசுவது போல இணைப்பில் தடவுவது. சால்டர் கம்பியின் நடுவில் ஓடும், ஒட்டுவதற்கு உதவும் ஃப்ளக்ஸ், அப்படி எடுத்துப் போகும் வழியிலேயே எரிந்து புகையாகிவிடும், ஆகவே சால்டர் காலில் ஒட்டாமல் உருண்டையாக உட்கார்ந்துகொள்ளும். சரியான முறையில், அயர்னின் முனை, பேடையும் (காலைச் சுற்றியுள்ள செம்பு வட்டம்) காலையும் ஒருசேரத் தொட வேண்டும். மனத்துக்குள் ஒன்று என்று எண்ணும் நேரம் சூடேற விட்டு, சால்டர் கம்பியை அயர்னில் வைக்காமல் எதிர்ப் பக்கத்தில் காலின் மீது வைக்க வேண்டும். சூடு போதுமென்றால் அது தானாக உருகி, காலைச் சுற்றி ஓடிப் பேடில் பரவும். கம்பியை முதலிலும் அயர்னைப் பிறகும் எடுக்க வேண்டும். மொத்தம் மூன்று விநாடிக்குள் முடியும். எடுத்த பின் ஒரு மூச்சு நேரம் போர்டை அசைக்கக் கூடாது. நல்ல இணைப்பு, குன்றின் அடிவாரம் போல உட்பக்கமாக வளைந்து காலில் ஏறியிருக்கும். பட்டாணி போல உருண்டு நின்றால் அளவு அதிகம் அல்லது ஒட்டவில்லை.

63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் நேரடியாகத் திரவமாகி, அதே வெப்பத்தில் நேரடியாகத் திடமாகும், இடையில் களி நிலை கிடையாது. எனவே கை நடுங்கும் புதியவருக்கு அதுவே ஏற்றது. காரீயம் இல்லாத கம்பி 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், இணைப்பும் சற்று மங்கலாகவே இருக்கும், அதைப் பார்த்து ட்ரை சால்டர் என்று தவறாக நினைத்துவிடக் கூடாது. அயர்னின் முனையை முதல் வகைக்கு 320 முதல் 350 டிகிரியிலும், இரண்டாவதற்கு 350 முதல் 380 டிகிரியிலும் வைக்கலாம். கிரவுண்டுடன் சேர்ந்த அகலமான செம்பில் உள்ள கால்கள் சூட்டை இழுத்துக்கொள்ளும். அங்கே வெப்பத்தைக் கூட்டாமல் அகலமான பிட்டுக்கு (அயர்னின் முனை) மாற்றச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் செம்பு உள்ள போர்டில் ஓட்டையின் ஆழத்தில் 75 விழுக்காடாவது சால்டர் ஏறியிருக்க வேண்டும் என்று எலக்ட்ரானிக் போர்டுகளின் தரத்துக்கான ஐபிசி-ஏ-610 தரநிலை பொதுவாக எதிர்பார்க்கிறது. போர்டைத் திருப்பி மறுபக்கம் பார்க்கும் பழக்கம் இதற்காகவே வேண்டும்.

தகர வேலைக்குப் பயன்படும் அமிலப் பேஸ்ட் டப்பா மேசையில் இருந்தால் அகற்றிவிடுங்கள், அது சில மாதங்களில் போர்டின் செம்புத் தடமான ட்ராக்கையே தின்றுவிடும். சால்டர் செய்த கையோடு டீக்குப் போகிறவர்களைத் தடுத்து, சோப்புப் போட்டுக் கழுவ வைப்பதும் பயிற்றுநரின் வேலைதான், கையில் இருப்பது காரீயம்.

முதல் முறை மின்சாரம்

மின்சாரம் கொடுக்கும் முன் சப்ளையின் பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். பிறகும் நேரடியாக பிளக்கில் சொருகாமல், 40 அல்லது 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்த சீரிஸ் போர்டு வழியே கொடுக்கச் சொல்லுங்கள். பல்பு ஒரு முறை மின்னி மங்கினாலோ எரியாமலே இருந்தாலோ தொடரலாம், முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், கெபாசிட்டர் வழியே நேரடியாக லைனிலிருந்து சப்ளை எடுக்கும் போர்டுகளில், 5 வோல்ட் ஐசியின் கால்கூட ஷாக் அடிக்கும் என்பதை இரண்டு முறை சொல்ல வேண்டும். 230 வோல்ட்டை நேராக்கினால் கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும், சுவிட்சை அணைத்த பிறகும் சிறிது நேரம் இருக்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து இறக்கும் வழக்கத்தை நிறுத்தி, உயர் வாட் ரெசிஸ்டர் மாட்டிய இன்சுலேஷன் பிடி ஒன்றை ஆளுக்கொன்று செய்து கொடுத்து அனுப்புங்கள், பெரிய செலவில்லை.

தோட்டத்து பம்பு ரூமில் போர்டின் எதிரி பல்லியும் எறும்பும்தான். சூடு தேடி ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வரும் பல்லி, இரண்டு டெர்மினலுக்கு நடுவே விழுந்து ஷார்ட் ஆன போர்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வயர் நுழையும் ஓட்டைகளை வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு போட்டு அடைப்பதையும், சோதனை முடிந்த போர்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காய்ந்த பின் ஈரம் புகாமல் காக்கும் கோட்டிங் அடிப்பதையும் மெக்கானிக்குகளின் குழுவுக்குச் செய்து காட்ட வேண்டும். டெர்மினலிலும் ரிலேயின் தொடும் முனைகளிலும் கோட்டிங் படாமல் டேப் ஒட்ட மறக்கக் கூடாது.

பயிற்சி முடிந்து அவர்கள் சொந்தப் பட்டறையில் செய்யும் முதல் ஐந்து போர்டுகளுக்கு, மின்சாரம் கொடுக்கும் முன் சால்டர் பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, சந்தேகமான காலைச் சிவப்பு வட்டமிட்டு அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். மறுநாள் பதில் சொன்னால் அதற்குள் பிளக்கில் சொருகியிருப்பார்கள்.