புரோ டென்னிஸின் முதல் மூன்று வருடம்: சேலத்து வீடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் டென்னிஸ் ஆடும் பிள்ளை உள்ள வீடுகளில் பதினாறு, பதினேழு வயது வந்ததும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: “அண்ணா, பையனுக்கு ஏ.ஐ.டி.ஏ. (அகில இந்திய டென்னிஸ் சங்கம்) ரேங்க் வந்துடுச்சு. இனி புரோ ஆட விட்டுடலாமா?” விடலாம். ஃபோர்ஹேண்டில் குறை இருந்தால் அதை கோச் பார்த்துக்கொள்வார். எனக்கு இருக்கும் கவலை வேறு. நல்ல ஆட்டம் கையில் இருந்தும், வீட்டில் எடுத்த முடிவுகளால் இரண்டு மூன்று வருடத்திலேயே நின்றுபோகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த முடிவுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலாவது, பணக் கணக்கு. புரோ என்றால் சம்பாத்தியம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஆண்களுக்கான ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டிகளில் கீழ்ப்படி எம்15. மொத்தப் பரிசு 15,000 டாலர் என்று கேட்கும்போது பெரிதாகத் தெரியும். அது எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். ஒற்றையரில் பட்டம் வென்றவருக்கு 2,160 டாலர். மெயின் டிரா, அதாவது பிரதானப் போட்டியின் முதல் சுற்றில் தோற்றவருக்கு 156 டாலர், அதிலும் வரி பிடித்தது போகத்தான் கைக்கு வரும். அந்த 156 டாலருக்கும் முதலில் குவாலிஃபையிங் என்ற தகுதிச் சுற்றைத் தாண்டியாக வேண்டும். ரயில், அறை, சாப்பாடு, ஸ்ட்ரிங், கூட வரும் அப்பா அல்லது கோச்சின் செலவு எல்லாம் எழுதிப் பார்த்தால், ஒரு வாரத்துக்கு எவ்வளவு கைவிட்டுப் போகிறது என்பது தெரிந்துவிடும். சுமித் நாகல் இந்தியாவின் முதல் நிலை வீரராக இருந்தபோதே, 2023 செப்டம்பரில், தன் வங்கிக் கணக்கில் சுமார் 900 யூரோதான் மிச்சம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஜனவரியில் அவரே ஆஸ்திரேலிய ஓபனில் சீட் பெற்ற (போட்டியின் முன்னணி வீரர் பட்டியலில் இடம்பெற்ற) பப்ளிக்கை வென்றார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் சீட் பெற்றவரை ஓர் இந்தியர் வென்றது, 1989-இல் நம்ம ரமேஷ் கிருஷ்ணன் விலாண்டரை வென்றதற்குப் பிறகு அதுவே முதல் முறை. அந்த உயரத்தில் ஆடுபவருக்கே பணம் அப்படி இழுத்துப் பிடிக்கிறது என்றால், புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு வருடமும் வரவே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். வீட்டை அடமானம் வைத்து ஆட வைக்காதீர்கள். அந்தக் கடன் ஒவ்வொரு டைபிரேக்கிலும் பிள்ளையின் தலையில் உட்கார்ந்திருக்கும்.

ரேங்க்குக்கான புள்ளிகளும் அப்படித்தான். எம்15-இல் மெயின் டிரா முதல் சுற்றில் தோற்றால் பூஜ்யம், ஒரு மேட்ச் வென்றால் 1, பட்டமே வென்றால் 15. வாங்கிய புள்ளி 52 வாரத்தில் கழிந்துவிடும். ஜூனியர் ரேங்க்கை வைத்து இங்கே மேட்ச் வெல்ல முடியாது. எதிரே நிற்பவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம், வருடக்கணக்காக இதே போட்டிகளில் ஆடிப் பழகியவராகவும் இருக்கலாம். அதனால் மூன்று வாரம் தொடர்ந்து முதல் சுற்றிலேயே தோற்றதும் கோச்சை மாற்றுவது, கிரிப்பை மாற்றுவது, ராக்கெட்டை மாற்றுவது எல்லாம் வீண். மூன்று வாரத் தோல்வி இந்தப் படியில் சாதாரணம். முதல் வருடத்தில் ரேங்க்கைப் பார்க்காமல் வேறு இரண்டைப் பாருங்கள்: செகண்ட் சர்வ் போடும்போது எத்தனை புள்ளியை வெல்கிறது, மூன்றாவது செட்டில் கால் நகர்கிறதா.

அட்டவணையில் நடக்கும் தவறு சின்னதாகத் தெரியும், பணத்தைத் தின்றுவிடும். ஒரே ஒரு போட்டிக்குப் போய், செவ்வாய்க்கிழமை தோற்று, புதன்கிழமை சேலம் ஜங்ஷனில் வந்து இறங்குவது. இந்தியாவில் இந்தப் போட்டிகள் பல சமயம் அடுத்தடுத்த வாரங்களில் வரும். இரண்டு மூன்று வாரத்தைச் சேர்த்துப் போய், தோற்ற வாரத்தில் அங்கேயே பிராக்டிஸ் செய்து, இரட்டையரிலும் பெயர் கொடுத்து ஆடினால்தான் பயணச் செலவுக்கு அர்த்தம். ஐபின் என்ற ஐ.டி.எஃப். வீரர் பதிவு எண் எடுத்து வைத்திருக்க வேண்டும். என்ட்ரி போட்டிக்கு இரண்டரை வாரம் முன்பே மூடிவிடும். வாபஸ் வாங்கவும் கெடு உண்டு, அதைத் தாண்டினால் அபராதம் வரலாம். இதையெல்லாம் அப்பாவே செய்துகொண்டிருந்தால் பிள்ளைக்கு இருபது வயதிலும் ஒன்றும் தெரியாது. முதல் நாளிலிருந்தே பிள்ளை கையால் செய்யட்டும். அப்புறம், 14 வயதுக்குக் கீழே புரோ போட்டி ஆட முடியாது. அதற்கு மேலும் பெண் பிள்ளைகளுக்கு 18 ஆகும்வரை வருடத்துக்கு இத்தனை போட்டிதான் என்று கட்டுப்பாடு உண்டு. கோயம்புத்தூரின் மாயா ராஜேஸ்வரன் ரேவதி 15 வயதில், 2025 பிப்ரவரியில், மும்பையில் நடந்த டபிள்யூ.டி.ஏ. 125 என்ற பெண்கள் புரோ போட்டியில் அரையிறுதி வரை போனதைப் பார்த்து அவசரப்படும் வீடுகள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

இனி நம்ம ஊருக்கே உரிய தவறு: ஏற்காடு. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் தாங்கவில்லை என்று பிள்ளைகளை மேலே கூட்டிப்போய் பயிற்சி கொடுக்கிறார்கள். இருநூறு சொச்சம் மீட்டரில் இருக்கும் சேலத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம். காற்று மெலிந்திருப்பதால் பந்து வேகமாகப் பறக்கும், அதிகமாக எழும்பும். ஐ.டி.எஃப். விதியில் 1,219 மீட்டருக்கு மேல் ஆடத் தனி வகைப் பந்தே இருக்கிறது. சாதாரணப் பந்தை வைத்து அங்கே ஒரு மாதம் ஆடினால், பந்து வெளியே போய்விடுமோ என்ற பயத்தில் பிள்ளை கையை இழுத்துப் பிடித்து அடிக்கப் பழகிவிடும். அடுத்து சென்னையில் போட்டி என்றால், அங்கே பந்து கனமாக வரும், வெயிலும் புழுக்கமும் சேர்ந்து அடிக்கும். உடம்பு வெயிலுக்குப் பழக பத்து நாள் முதல் இரண்டு வாரம் வேண்டும். போட்டி கீழே என்றால் கடைசி இரண்டு வாரப் பயிற்சியும் கீழேயே நடக்க வேண்டும். ஏற்காடு நல்ல இடம்தான். சீசன் முடிந்து ஓய்வெடுக்கவும், உடம்பைக் கட்டவும் அதுபோல வேறு இடம் பக்கத்தில் இல்லை.

அங்கேயே இன்னொன்றையும் பார்க்கிறோம். இருபது கொண்டை ஊசி வளைவுள்ள அந்த மலைப்பாதையில் பிள்ளைகளை ஓட விடுகிறார்கள். ஏறி ஓடுவது சரி. இறங்கி ஓடுவதுதான் ஆபத்து. ஒவ்வொரு அடியும் முழங்காலில் இறங்கும், தொடையின் முன்தசை இழுபட்டு இழுபட்டுத் தாங்கும். வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பு அது. மேலே ஓடிவிட்டு வண்டியில் கீழே கூட்டி வாருங்கள். சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்கு முழங்காலில் ஏற்பட்ட எலும்பு விரிசலால் பல வருடம் வீணானது. அவர் முதல் நூறுக்குள் வந்தது 2019-இல், 29 வயதில். 75-ஆம் இடம் வரை போனார். காயத்தோடு ஆடி இந்த வருடத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கை வலி என்றால் ஸ்ட்ரிங்கையும் பாருங்கள். பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் அறுகாமலே இழுவிசை தளர்ந்து உயிர் போய்விடும். அறுகிறவரை வைத்திருப்பது சிக்கனமாகாது.

மருந்து விஷயத்தில் நம் வீடுகளின் அசட்டை என்னைப் பயமுறுத்துகிறது. சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, ஜிம்மில் கொடுக்கும் புரோட்டீன் பவுடர், தெரிந்தவர் தந்த லேகியம். என்ன கலந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சில சளி மருந்துகளில் உள்ள எஃபெட்ரின் அளவு மீறினால் போட்டி நாளில் குற்றம். வலிக்குப் போடும் அந்த ஸ்டீராய்டு வகையான குளுக்கோகார்ட்டிகாய்டு ஊசி எந்த இடத்தில் போட்டாலும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. டென்னிஸ் நட்சத்திரம் ஷரபோவா பத்து வருடமாக எடுத்த மெல்டோனியம் என்ற மருந்து 2016 ஜனவரி 1 அன்று தடைப்பட்டியலில் சேர்ந்தது. அதைக் கவனிக்காமல் அந்த மாதமே ஆஸ்திரேலிய ஓபனில் மாட்டினார். மேல்முறையீட்டுக்குப் பிறகும் 15 மாதம் வெளியே இருந்தார். கூடவே ஆட்களை வைத்திருந்த அவருக்கே அது நடந்தது. டாக்டரிடம் போனால் முதல் வார்த்தையாக, “டாக்டர், பிள்ளை போட்டி ஆடுது, டோப் டெஸ்ட் உண்டு” என்று சொல்லுங்கள். சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வேறு வழியில்லாத மருந்து என்றால் சிகிச்சைக்கான விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

சூதாட்டக்காரர்கள் கீழ்ப்படிப் போட்டிகளைத்தான் குறிவைப்பார்கள். பணத்துக்குத் திண்டாடுகிறவர்கள் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியும். இன்ஸ்டாகிராமில் முன்பின் தெரியாத ஒருவர் பாராட்டித் தொடங்கி, “முழங்கால் இப்ப பரவாயில்லையா தம்பி?” என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்வதே உள்தகவல் கொடுத்ததாக ஆகலாம். பேரம் பேசினால் ஐ.டி.ஐ.ஏ. என்ற டென்னிஸ் நேர்மை அமைப்புக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மறுத்துவிட்டோமே என்று சும்மா இருப்பதும் குற்றம்தான். வீட்டில் யாரும் டென்னிஸில் பந்தயம் கட்டக் கூடாது.

படிப்பை விடுவது பற்றி நிறைய யோசியுங்கள். பன்னிரண்டாவது முடிக்காமல் விட வேண்டாம். கல்லூரிக்குப் போனால் டென்னிஸ் முடிந்தது என்பது தவறு. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008-இல் அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் ஆனார். 2009 ஜனவரியில் வைல்ட் கார்டில் (அமைப்பாளர்கள் தரும் சிறப்பு இடத்தில்) வந்து சென்னை ஓபன் இறுதிவரை போனார். அந்த வழியை யோசிக்கிறவர்கள், புரோ போட்டியில் பரிசுப் பணம் வாங்குவதற்கு முன்பே கல்லூரி விளையாட்டு விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடர்வதா வேண்டாமா என்ற பேச்சைத் தோற்ற ராத்திரி, ரயிலில் வைத்து எடுக்காதீர்கள். “இவ்வளவு செலவு பண்ணி...” என்று தொடங்கும் எந்த வாக்கியமும் அன்றைக்கு வேண்டாம். டிசம்பரில் ஒரு நாள் கோச்சையும் உட்கார வைத்து, வருடக் கணக்கு நோட்டைத் திறந்து பேசுங்கள். எத்தனை குவாலிஃபையிங் மேட்ச் வென்றோம், எத்தனை வாரம் காயத்தில் போனது, அடுத்த வருடத்துக்குக் கையில் எவ்வளவு இருக்கிறது. முதலில் பிள்ளை பேசட்டும்.