நல்லார்பரில் ஒரு நாள்: யூக்ளாவிலிருந்து பலடோனியாவுக்கு பைக்கில் போவது எப்படி

ஆஸ்திரேலியாவின் ஆளரவமற்ற உள்நாட்டுப் பகுதியான அவுட்பேக்கில் முதல்முறை பைக் ஓட்டப் போகிறவர்கள் மண் ரோட்டில் தொடங்க வேண்டாம். தெற்கே நல்லார்பர் சமவெளியைக் கடக்கும் அயர் நெடுஞ்சாலை முழுக்கத் தார் ரோடு, நம்மூர் மாதிரியே இடப்பக்கம் ஓட்டுவது. யூக்ளாவிலிருந்து மேற்கே பலடோனியா வரை சுமார் 520 கிலோமீட்டர். ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும், வழியில் பெட்ரோல் தீரக் கூடாது. இந்த இரண்டுக்காகவும்தான் கீழே உள்ள எல்லாப் படிகளும்.

1. புறப்படும் நேரத்தை மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

கங்காருக்கள் விடியலிலும் அந்தியிலும்தான் ரோட்டோரம் மேய வரும். வெளிச்சம் பட்டால் எந்தப் பக்கம் குதிக்கும் என்று அதற்கே தெரியாது. அதனால் சூரியன் உதித்து ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பி, மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். மே மாதத் தொடக்கத்தில் பலடோனியாவில் ஏறக்குறைய 5 மணிக்கு இருட்டத் தொடங்கும். ஆக, 4 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். யூக்ளாவில் 8 மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை: யூக்ளா ஊர்க்காரர்களுக்குத் தனி நேரம் உண்டு, மாநிலத் தலைநகர் பெர்த்துக்கு 45 நிமிடம் முன்னால். அரசு அங்கீகாரம் இல்லை, ஆனால் ரோடுஹவுஸ் (பெட்ரோல், சாப்பாடு, அறை எல்லாம் கிடைக்கும் நெடுஞ்சாலை விடுதி) கடிகாரம் அதைத்தான் காட்டும். மேற்கே போகிறவருக்கு 45 நிமிடம் லாபம். எதிர்ப்பக்கம் வருகிறவர் அதை இழப்பார்.

2. கிளம்பும் முன் 10 நிமிடம்

ஓட்டுவதற்கு முன்பே, டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பாருங்கள். லக்கேஜ் பட்டைகளை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் குறைந்தது 5 லிட்டர், இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் தண்ணீர் அரிது, இலவசக் குழாயை நம்ப முடியாது. பஞ்சர் கிட், சின்ன பம்ப் கட்டாயம். பெரும்பாலான தூரத்துக்கு மொபைல் சிக்னல் கிடைக்காது. எனவே செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் அவசர பீக்கன் ஒன்றை ஜாக்கெட் பையில் வையுங்கள். பைக் பெட்டியில் வேண்டாம். விழுந்தால் பைக் எங்கே, நீங்கள் எங்கே!

3. பெட்ரோல் கணக்கு

அடுத்தடுத்த பம்புகள் இப்படி வரும்: முண்ட்ரபில்லா 66, மதுரா 116, காக்கிள்பிடி 92, கைகுனா 65, பலடோனியா 182 கிலோமீட்டர். (மதுரா என்ற பெயரைப் பார்த்துச் சிரிக்காத தமிழர் இருக்க மாட்டார். ஒரு ரோடுஹவுஸ், ஒரு மலையேற்றம், அவ்வளவுதான்.)

என் பைக்கின் டேங்க் 14 லிட்டர். ஊருக்குள் லிட்டருக்கு 22 கொடுக்கும் என்பதால் 308 கிலோமீட்டர் ஓடும் என்று மனக்கணக்கு போட்டிருந்தேன். காக்கிள்பிடியில் நிரப்பியாயிற்று, 65 கிலோமீட்டரில் மறுபடி எதற்கு என்று கைகுனாவில் நிற்காமல் போனேன். எதிர்காற்று பிடித்தது. 110-இல் போனால் லிட்டருக்கு 15-தான் தருகிறது. அதாவது 210 கிலோமீட்டர். போக வேண்டியதோ 247. பாதி வழியில் இது உறைத்ததும் வேகத்தை 80-க்குக் குறைத்து, டேங்கின் மேல் படுத்தபடி ஓட்டினேன். கடைசி அரை மணி நேரம் ரிசர்வ் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. விலை அதிகம்தான், ஆனாலும் எல்லாப் பம்பிலும் நிரப்புங்கள்.

4. ரோடு டிரெய்ன்

இழுவை வண்டிகள் கோத்த லாரி. இந்தச் சாலையில் 36.5 மீட்டர் வரை நீளம். எதிரே வந்தால் பாதையின் இடப்பக்கம் ஒதுங்கி, முன்னே குனிந்து, கைப்பிடியை இறுக்காமல் பிடியுங்கள். முதலில் காற்று உங்களைத் தள்ளும், கடந்ததும் உள்ளே இழுக்கும்.

முந்துவதற்கு முன் கணக்கு போடுங்கள். அது 100-இல் போகிறது, உங்களுக்கு வரம்பு 110. முன்னும் பின்னும் இடைவெளி சேர்த்தால் 35 விநாடி பிடிக்கும், அதற்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள். எதிரே வருகிறவனும் அதே தூரம் வந்திருப்பான். ஆக இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வெறும் ரோடு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் முந்துங்கள்.

5. 146.6 கிலோமீட்டர் நேர்க்கோடு

கைகுனாவைத் தாண்டியதும் வளைவே இல்லாத ரோடு. நல்லார்பர் என்றால் லத்தீனில் மரமில்லாதது. ஆனால் இந்த நேர்க்கோட்டில் இருபுறமும் மரம் இருக்கிறது. ஆபத்து தூக்கம்தான். பிற்பகல் வெயில் வேறு நேரே முகத்தில் அடிக்கும். 50 கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். ஈ மொய்க்கும், தலைக்கு வலை போட்டுக்கொள்ளுங்கள். செத்த கங்காருவின் மேல் கழுகு உட்கார்ந்திருந்தால் வேகத்தைக் குறையுங்கள். வயிறு நிறைந்த கழுகு மெதுவாகத்தான் எழும்பும், அதுவும் உங்கள் தலை உயரத்தில். ரோட்டின் மேலேயே ஓடுபாதைக் கோடுகள் வரும்; தொலைதூர நோயாளிகளுக்கு உதவ வரும் ‘பறக்கும் மருத்துவர்’ விமானம் இறங்குமிடம். அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள்.

6. போய்ச் சேர்ந்ததும்

செயின் சூடாக இருக்கும்போதே எண்ணெய் விடுங்கள், குளித்த பிறகு யாரும் செய்வதில்லை. 1979-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் உடைந்து விழுந்த பகுதி இது. ரோடுஹவுஸில் உள்ள சின்ன அருங்காட்சியகத்தில் அதன் கதையும் உண்டு. அதைப் பார்ப்பதற்கு முன் டேங்கை நிரப்பிவிடுங்கள். மேற்கே அடுத்த ஊரான நார்ஸ்மனுக்கு இன்னும் 191 கிலோமீட்டர், இடையில் பம்ப் கிடையாது.