முன்பக்க லேயர் எங்கே தொடங்க வேண்டும்? முதல்முறை வெட்டிக்கொள்பவர்களுக்கு ஒரு செய்முறை

லேயர் (முடியை ஒரே நீளத்தில் விடாமல் அடுக்கடுக்காக வெட்டுவது) வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேண்டும் அக்கா" என்பார்கள். படத்தில் இருப்பவருக்குப் பிறவியிலேயே நேர் முடியா, ஒரு மணி நேரம் சூடு வைத்து நேராக்கியதா, அவர் ஊர்க் காற்றில் ஈரம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் தெரியாது. மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் முடி வெட்டும் வேலை செய்கிற நான், படத்தைப் பார்த்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: முன்பக்கத்தில் மிகக் குட்டையாக இருக்கப்போகும் கற்றை உங்கள் முகத்தில் எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும்? கன்ன எலும்பிலா, உதட்டு ஓரத்திலா, தாடைக்குக் கீழேயா, காறை எலும்பிலா?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வெட்டுகிறவரின் கைவேலை. அந்தப் பதிலை வீட்டுக் கண்ணாடி முன்னாலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் முடியை அதன் இயல்பில் பாருங்கள்

எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்து, சீப்பு, டிரையர் எதுவும் படாமல் தானாகக் காயவிடுங்கள். காய்ந்தபின் தெரிவதுதான் உங்கள் முடி. வெட்டு அதற்குத்தான் பொருந்த வேண்டும்.

மொரீஷியஸில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் உண்டு. பிரஷிங் செய்து, அதாவது பிரஷால் இழுத்தபடியே டிரையர் சூட்டில் காயவைத்து, நேராக்கிய முடி, அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் பலத்தில்தான் நேராக நிற்கிறது. காற்றின் ஈரம் உள்ளே போனதும் அந்தப் பிணைப்புகள் குலைந்து, முடி பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். கியூர்பிப்பின் தூறலில் மெட்ரோ ஏறி, போர்ட் லூயி வெயிலில் இறங்குகிற பெண்ணுக்கு, காலையில் செய்த பிரஷிங் மத்தியானம்வரை தாங்குவதே பெரிது. நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான கோடை மாதங்களில் இன்னும் மோசம். ஆகவே பிரஷிங் செய்தால் மட்டும் அழகாக இருக்கிற வெட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. தானாகக் காய்ந்தாலும் வடிவம் தெரிகிற வெட்டுதான் இந்த ஊருக்குச் சரி.

இப்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அடர்த்தி. முடியை ஒரே குதிரைவாலாகக் கட்டி, ரப்பர் பேண்டை ஒட்டித் தையல் டேப்பால் சுற்றளவு எடுங்கள். 5 சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் மெல்லிய முடி, 10-ஐத் தொட்டால் நல்ல அடர்த்தி. மெல்லிய முடியில் நிறைய லேயர் போட்டால் கீழ்நுனி எலிவாலாகிவிடும். அவர்களுக்கு முன்னால் ஒரு நீளம், பின்னால் ஒரு நீளம் என்று இரண்டே போதும்.

இரண்டாவது, சுருட்டை எவ்வளவு சுருங்குகிறது என்பது. காய்ந்த ஒரு கற்றையைக் காதருகே பிடித்து நேராக இழுத்து, அதன் நுனி எங்கே எட்டுகிறது என்று பார்த்து, பிறகு விட்டுவிடுங்கள். இழுத்தபோது தாடையில் இருந்த நுனி விட்டதும் கன்ன எலும்புக்கு ஏறினால், ஈரத்தில் தாடை அளவுக்கு வெட்டிய முடியும் காய்ந்தபின் கன்னத்துக்குத்தான் வரும். சுருட்டை முடிக்காரர்கள் முன்பக்கத்தைக் காய்ந்த நிலையில் வெட்டச் சொல்ல வேண்டியது இதனால்தான்.

மூன்றாவது, நெற்றி ஓரத்துச் சுழி. முன்முடியை நனைத்து முகத்தின் மேல் விட்டுவிட்டு, அது எந்தப் பக்கம் பிரிகிறது என்று பாருங்கள். சுழி இருக்கும் இடத்தில் குட்டையாக வெட்டினால் முடி குத்திட்டு நிற்கும். அப்படிச் சுழி உள்ளவர்கள் நெற்றியில் விழும் முன்முடியை ஒதுக்கிவிட்டு, கன்னத்துக்குக் கீழே தொடங்கும் லேயரை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: முகம்

முட்டை வடிவம், இதய வடிவம், சதுரம் என்று பட்டியல் போட்டு அதில் தன்னைத் தேடுவது பலருக்கு வீண் குழப்பம். பாதிப் பேருடைய முகம் இரண்டு வடிவங்களுக்கு நடுவில் இருக்கும். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. முடியை எல்லாம் பின்னுக்கு இழுத்துக் கட்டி, கண்ணாடி முன் நேராக நின்று, இரண்டே கேள்விகள் கேளுங்கள். என் முகம் எங்கே மிக அகலம்? பார்க்கிறவர்களின் கண் எங்கே போக வேண்டுமென்று விரும்புகிறேன்?

வெட்டின் நுனி எங்கே முடிகிறதோ அங்கே பார்வை நிற்கும். அந்த நுனி ஒரு கோடு போட்டதுபோல அந்த இடத்தை அகலமாக்கியும் காட்டும். லேயரின் தந்திரம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. அகலத்தைக் கூட்ட வேண்டிய இடத்தில் நுனியை நிறுத்துங்கள், குறைக்க வேண்டிய இடத்தைத் தாண்டவிடுங்கள்.

கன்னம் உப்பிய, உருண்டை முகமென்றால், மிகக் குட்டையான கற்றை கன்னத்தில் நிற்கக் கூடாது. தாடைக்கு இரண்டு விரல் கீழே தொடங்கட்டும். கன்னத்தின் இரு ஓரங்களிலும் முடி நீளமாக இறங்கும்போது முகம் சற்று மெலிந்து தெரியும். நடு வகிட்டைவிடக் கொஞ்சம் தள்ளி எடுத்த வகிடு இவர்களுக்கு நன்றாக இருக்கும்.

நீளமான முகத்துக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். இடுப்புவரை ஒரே நீளத்தில் தொங்கும் நேர் முடி முகத்தை இன்னும் நீட்டும். கன்ன எலும்பில் தொடங்கும் லேயர், அதோடு புருவத்தைத் தொட்டு இருபுறமும் திரைபோல விலகும் முன்முடி இரண்டும் சேர்ந்தால் அகலம் கிடைக்கும். 1960-களில் பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ வைத்திருந்தாரே, அந்த முன்முடி. நம் ஊர்ச் சலூன்களில் அவர் பெயரைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

தாடை எலும்பு எடுப்பாக, இரு மூலைகளும் தெரிகிற முகத்தில் லேயர் சரியாக அந்த மூலையில் முடிந்தால் முகம் கட்டம் போட்டதுபோல ஆகிவிடும். ஒன்று உதட்டு ஓரத்தில் தொடங்குங்கள், இல்லை காறை எலும்புக்கு இறக்கிவிடுங்கள். நுனி மழுங்காமல் மெல்லியதாக இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். நெற்றி அகன்று மோவாய் கூர்ந்தவர்களுக்கு, தாடைப் பக்கம் முடி கொஞ்சம் நிறைந்து நிற்கிற மாதிரி கன்னத்திலிருந்து படிப்படியாக இறங்கும் வெட்டு பொருந்தும். கழுத்து குட்டை என்று நினைக்கிறவர்கள் காறை எலும்புக்கு மேலே எதையும் நிறுத்தாதிருப்பது நல்லது.

மூக்குக் கண்ணாடி போடுகிறீர்களா? இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபிரேமின் கீழ் விளிம்பும் முடியின் நுனியும் ஒரே இடத்தில் சந்தித்தால் முகத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டே இந்தப் படியைச் செய்யுங்கள். சலூனுக்கும் அதைப் போட்டுக்கொண்டே போங்கள்.

மூன்றாம் படி: வெட்டாமலே ஒத்திகை

வழக்கமாக எடுக்கும் இடத்தில் வகிடு எடுங்கள். நெற்றி ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குப் பின்னால்வரை, இரு காதுகளுக்கும் முன்னால் விழும் முடியை மட்டும் தனியாகப் பிரித்தெடுங்கள். மீதியைப் பின்னால் கட்டிவிடுங்கள். பிரித்த முடியைக் கன்ன எலும்பு அளவுக்கு உள்பக்கமாக மடித்து, கிளிப் மாட்டி, ஒரு படம் எடுங்கள். அப்புறம் உதட்டு அளவில் ஒன்று, தாடைக்குக் கீழே ஒன்று, காறை எலும்பில் ஒன்று. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் படத்தில் முதலில் கண் தெரிகிறது, எதில் கன்னம் தெரிகிறது என்று வித்தியாசம் உடனே புரியும். முடிவெடுக்கத் தயங்கினால், பிடித்த இரண்டில் நீளமானதைத் தேர்ந்தெடுங்கள். வெட்டியதை இன்னும் வெட்டலாம்.

நான்காம் படி: முடியைக் கட்டிப் பாருங்கள்

அழகைப் பற்றி மட்டும் பேசுகிற குறிப்புகள் விட்டுவிடுகிற படி இது. நம் பெண்கள் முடியை விரித்துவிடுவதைவிடக் கட்டுவதுதான் அதிகம். பள்ளிக்கு, வேலைக்கு, கோயிலுக்கு, சமையல்கட்டில். கன்ன எலும்பில் வெட்டிய கற்றை எந்தப் பின்னலிலும் அடங்காது. காதுக்குப் பின்னாலும் நிற்காது.

தைப்பூசக் காவடிக்குத் தலையில் பால்குடம் ஏந்தி, கத்ர் போர்ன் மலைக் கோயில் படியேறுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு கையும் குடத்தில். வியர்வையில் முன்முடி கண்ணில் ஒட்டினால் ஒதுக்கிவிடக் கை இல்லை. விரதம் இருப்பவர்கள் ஜனவரிக்கு முன் வெட்டுவதானால், எல்லாக் கற்றையும் கொண்டைக்குள் அடங்குகிற நீளத்தில் வெட்டுங்கள். அதை அளக்க, நெற்றி ஓரத்திலிருந்து நீங்கள் கொண்டை போடும் இடம்வரை டேப் வையுங்கள். வரும் அளவோடு 5 சென்டிமீட்டர் கூட்டுங்கள். அதற்குக் குறைவாக வெட்டிய முடி நழுவி வெளியே வரும். பின்னலில் பூ வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் பின்பக்கம் லேயரே போடாமல் முன்பக்கத்தில் மட்டும் வெட்டிக்கொள்ளலாம். பின்னல் தடிமனாகவே இருக்கும், நடுநடுவே பிசிறும் நீட்டாது.

நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டு, வளர்த்துக்கொண்டிருப்பவர்களும் லேயர் கேட்டு வருவார்கள். முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர், சிலருக்குச் சற்று அதிகமாக வளரும். மொட்டையில் எல்லா முடியும் ஒரே நாளில் தொடங்குவதால் தலை முழுக்க ஒரே நீளத்தில் இருக்கும். மேலிருந்து விழும் முடி குட்டையாகவும் பிடரி முடி நீண்டும் தெரியும். அதுவே இயற்கையான ஒரு லேயர்தான். இவர்கள் முன்னால் கத்தரி வைக்கவே கூடாது. பிடரியை மட்டும் அவ்வப்போது குறைத்துக்கொண்டே வந்தால், முன்முடி தாடையைத் தொடும்போது வடிவம் தானாக அமைந்துவிடும். குழந்தை பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரசவமாகி மூன்று மாதம் வாக்கில் முடி கொட்டத் தொடங்கும், பிறகு நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாக முளைக்கும். கொட்டுவது நிற்கும்வரை பொறுத்திருந்தால், புதிதாக முளைத்ததையும் சேர்த்து வெட்டில் அமைத்துவிடலாம்.

ஐந்தாம் படி: சலூனில்

எண்ணெய் இல்லாத, காய்ந்த முடியோடு, வழக்கமான வகிட்டோடு போங்கள். ஒத்திகைப் படத்தைக் காட்டுங்கள். கூடவே ஒரு நடிகையின் படம் காட்டுவதானால், உங்கள் முடி மாதிரியே முடி உள்ளவரின் படமாக இருக்கட்டும். இங்கே பல சலூன்களில் பேச்சு கிரியோலிலும் பிரெஞ்சிலும்தான் நடக்கும், லேயரை தெக்ராதே என்பார்கள். வெறும் தெக்ராதே என்று கேட்டால் தலை முழுக்கப் போட்டுவிடக்கூடும். முகத்தைச் சுற்றி மட்டும் வேண்டும் என்று சொல்லி, குட்டைக் கற்றை நிற்க வேண்டிய இடத்தை விரலால் முகத்தில் தொட்டுக் காட்டுங்கள். சென்டிமீட்டர் கணக்கைவிட விரல் காட்டுவது தெளிவு.

அந்த இடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே முதல் வெட்டு, காய்ந்ததும் பார்த்துவிட்டு அடுத்தது என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல வேலைக்காரர்கள் அப்படிக் கேட்பவரை விரும்புவார்கள். சுருட்டை முடியென்றால் ரேஸர் வேண்டாம், முடியைச் செதுக்கும் பல்வைத்த கத்தரியும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டும் சுருளின் நுனியைக் கிழித்துப் பஞ்சாக்கிவிடும். வெட்டும்போது கைப்பேசியைக் குனிந்து பார்க்காதீர்கள், தலை சாய்ந்தால் இரு பக்கமும் ஒரே அளவில் வராது. முடிந்ததும் எழுவதற்கு முன் அங்கேயே குதிரைவால் கட்டிப் பாருங்கள். நழுவுவது எது என்று தெரியும்.

வெட்டிய பிறகு

குளித்ததும் முன் இரு கற்றைகளையும் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சீவி, பெரிய ரோலரில் சுற்றிக் கால் மணி நேரம் விட்டால் போதும், வளைவு வந்துவிடும். சுருட்டை முடிக்கு ஈரமாக இருக்கும்போதே கொஞ்சம் கிரீம் தடவி விட்டுவிடலாம். தேங்காய் எண்ணெயைக் குளிப்பதற்கு முந்தைய இரவில் வையுங்கள். காலையில் முன்முடியில் தடவினால் லேயர் நெற்றியோடு படிந்துவிடும்.

முன்பக்கத்தை மட்டும் எட்டு முதல் பத்து வாரத்துக்கு ஒருமுறை சரிசெய்தால் போதும். பின்பக்கம் நுனி பிளக்காமல் இருந்தால் மூன்று நான்கு மாதம்வரை தொட வேண்டாம். வெட்டு பிடிக்கவில்லை என்றால் உடனே இன்னொரு வெட்டுக்கு ஓடாதீர்கள். இரண்டு முறை தலைக்குக் குளித்துத் தானாகக் காயவிட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். கன்ன எலும்பில் வெட்டியது தாடைக்கு வர ஆறு மாதத்துக்கு மேலாகும். அதுவரை முன்முடியை இரு பக்கமும் முறுக்கி, காதுக்கு மேலே சிறிய கிளிப்பால் குத்திக்கொள்ளலாம். புடவைக்கும் அது நன்றாகவே இருக்கும்.