இரண்டு ஸ்டாஃபுக்கும் தாவும் பியானோ நோட்டுகள்: மியூஸ்ஸ்கோரில் தட்டுவது எப்படி?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் என்னிடம் பியானோ படிக்க வரும் பிள்ளைகளிடம் "க்ராட்செட் எது?" என்று கேட்டால் பாதிப் பேர் அரைத்தட்டு நோட்டைக் காட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மொரீஷியஸில் பிரெஞ்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். பிரெஞ்சில் அரைத்தட்டுக்குப் பெயர் "க்ரோஷ்". ஒரு தட்டு நோட்டான ஆங்கிலத்துக் க்ராட்செட்டுக்கு அங்கே "நுவார்" என்று பெயர். இந்தக் குழப்பமே வேண்டாம், எண்ணாலேயே சொல்கிறேன். இசைக்குறிப்பு (ஸ்கோர்) எழுதும் சாஃப்ட்வேரான மியூஸ்ஸ்கோரில் 5 அழுத்தினால் ஒரு தட்டு, 4 அரைத்தட்டு, 3 கால் தட்டு. நோட்டு தட்ட ஆரம்பிக்க "என்" விசை. அடிப்படை இவ்வளவுதான்.

பஜனைப் பாட்டின் மெட்டு ஒன்றைத் தட்ட ஒரு சாயங்காலம் போதும். பியானோ ஸ்கோர் அப்படியில்லை. வாசிப்பவருக்கு இரண்டு ஸ்டாஃபும் (ஐந்து கோட்டு வரிசைகளும்) ஒரே இடம், கை எங்கே வேண்டுமானாலும் போகும். சாஃப்ட்வேருக்கோ ஒவ்வொரு நோட்டும் ஒரு ஸ்டாஃபுக்கு, அதில் ஒரு வாய்ஸுக்கு (தனியாக ஓடும் ஒரு இழைக்கு) சொந்தம். பக்கத்து ஸ்டாஃபுக்கு அனுப்பி வைத்தாலும் தாளக் கணக்கு பிறந்த வீட்டில்தான் இருக்கும். இது மனதில் பதிந்தால் பாதித் தலைவலி தீர்ந்தது.

படி 1: பென்சில். கணினியைத் திறக்காதீர்கள். அச்சுப் பிரதியில் ஒவ்வொரு இழையும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கோடு போடுங்கள். மியூஸ்ஸ்கோரில் ஒரு ஸ்டாஃபுக்கு நான்கு வாய்ஸ்தான், இதே வேலை செய்யும் சிபேலியஸிலும் அதே கணக்கு. டோரிக்கோவில் அந்த வரம்பு இல்லை, ஆனால் முழுப் பதிப்புக்குக் காசு. லிலிபாண்ட் இலவசம், ஆனால் எல்லாவற்றையும் கட்டளையாக எழுத வேண்டும். முதல் நாளே அதில் இறங்கச் சொல்ல மாட்டேன்.

படி 2: எல்லாவற்றையும் ஒரே ஸ்டாஃபில் தட்டுங்கள். ஒரு தட்டுக்குள் நான்கு கால் தட்டுகள் என்று வைத்துக்கொள்வோம்: ச, ப இடது கையில் கீழ் ஸ்டாஃபில், அதற்கு மேலே க, மேல் ச வலது கையில் மேல் ஸ்டாஃபில், நான்கையும் இணைக்க ஒரே பீம் (தடித்த கோடு). பலரும் இங்கே ஸ்டாஃபுக்கு இரண்டாகப் பிரித்துத் தட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பீம் சேரவே சேராது. நான்கையும் கீழ் ஸ்டாஃபிலேயே தட்டுங்கள். கடைசி இரண்டும் துணைக்கோடுகளில் ஏணி ஏறி நிற்கும், அசிங்கமாகத் தெரியும். பரவாயில்லை.

இப்போது அந்த இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், மேல் அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இரண்டும் மேல் ஸ்டாஃபுக்குப் போய்விடும், பீம் அறுபடாது. பீம் நடுவில் நிற்காவிட்டால் அதைச் சொடுக்கி, முனையில் தெரியும் கைப்பிடியைப் பிடித்து இழுங்கள். மேலே மெலடியும் ஓடுகிறதென்றால் அதன் காம்புகள் (நோட்டின் செங்குத்துக் கோடுகள்) மேல் நோக்கி இருக்கட்டும். இல்லையென்றால் "எக்ஸ்" அழுத்தித் திருப்புங்கள்.

படி 3: ரெஸ்ட் களையெடுப்பு. இரண்டாம் வாய்ஸுக்குப் போனவுடன் தேவையில்லாத ரெஸ்ட்டுகள் (மௌனக் குறிகள்) முளைக்கும். இரண்டு முதல் நான்கு வரையான வாய்ஸ்களில் டெலீட் அழுத்தி எடுத்துவிடலாம். முதல் வாய்ஸில் அது நடக்காது, "வி" அழுத்தி மறைக்கத்தான் முடியும். கண்மூடித்தனமாக மறைக்காதீர்கள். ஒரு தடவை நான் ரெஸ்ட்டை மறைத்த பாரை (தாளக் கட்டத்தை) பார்த்து, "மிஸ், இங்கே எத்தனை எண்ணணும்?" என்று கேட்டாள் ஒரு சிறுமி. வாஸ்தவமான கேள்வி.

படி 4: இரண்டு ஸ்டாஃபுக்கும் ஒரே காம்பு. நான் வைத்திருக்கும் பதிப்பில் மியூஸ்ஸ்கோர் கைவிரிக்கும் இடம் இது. கார்டின் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டத்தின்) ஒரு சுரத்தை மட்டும் மேலே அனுப்ப முடியாது, போனால் கார்டு முழுவதும் போகும். குறுக்குவழி: கீழ்ச் சுரங்களைக் கீழேயும் மேல் சுரங்களை மேலேயும் தனித்தனியாகத் தட்டுங்கள். மேல் காம்பை "வி" அழுத்தி மறைத்து, கீழ்க் காம்பை மேல் சுரம் வரை இழுத்து நீட்டுங்கள். அது வெறும் கண்கட்டு வித்தை, சாஃப்ட்வேருக்கு அவை இரண்டு கார்டுகள்தான். அதனால் பக்க அளவு, ஸ்டாஃப் இடைவெளி எல்லாம் முடிவான பிறகே இதைச் செய்யுங்கள். பிள்ளைகளின் கச்சேரிக்கு முந்தின இரவு, நீட்டி முடித்த பிறகு இடைவெளியை மாற்றினேன். காம்பெல்லாம் அந்தரத்தில் தொங்கின; விடிய விடிய மறுபடி இழுத்தேன்.

மூன்றாவது ஸ்டாஃப் வேண்டுமா? டெபுஸியின் இரண்டாம் ப்ரெல்யூட் தொகுப்பில் பெரும்பகுதி மூன்று ஸ்டாஃபில்தான் அச்சாகியிருக்கிறது. இது சுலபம்: கருவிகள் பட்டியலில் பியானோவை விரித்து ஒரு ஸ்டாஃப் சேர்த்துவிடலாம்.

படி 5: காப்புப் பிரதி. 1988-இல் வந்த ஃபினாலே என்ற இதே வகை சாஃப்ட்வேரின் வளர்ச்சியை 2024 ஆகஸ்டில் நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். ஆகவே பிடிஎஃப்போடு, மற்ற ஸ்கோர் சாஃப்ட்வேரிலும் திறக்கக்கூடிய மியூசிக்எக்ஸ்எம்எல் பிரதி ஒன்றும் எடுத்து வையுங்கள். கையால் நீட்டிய காம்புகள் அதில் அப்படியே வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். நம் ஊரில் நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் காலம், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, கன்ட்ரோல் எஸ்ஸிலிருந்து விரலை எடுக்காதீர்கள். பிறகு ஒரே ஒரு பக்கத்தை அச்செடுத்துப் பியானோ மேல் வைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்து பாருங்கள். எந்தக் கை எதை எடுக்க வேண்டும் என்று உங்களுக்கே தடுமாறினால் படி 1-க்குப் போய்ப் பென்சிலை எடுங்கள்.