நேர்ப்பாதையை நீட்டினால் போதுமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், அக்கா மகன் ரிமோட் கார்களுக்காகச் சாக்பீஸால் ஒரு தடம் வரைந்திருந்தான். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர்வரை ஒரே நேர்கோடு. சுவரோரம் வேகம் குறையாமல் திரும்பும்படி பெரிய வளைவு. நான்கு கார்களும் கிளம்பிய வரிசையிலேயே பத்துச் சுற்றும் முடித்தன. "இன்னும் நீளமாகப் போடட்டுமா மாமா?" என்றான்.

கார்ப் பந்தயத் தடம் வரைபவர்களின் முதல் தவறே அதுதான். முந்துவது பெரும்பாலும் நேர்ப்பாதையின் கடைசியில், பிரேக் பிடிக்கும் இடத்தில் நடக்கிறது. 300 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரை 80-க்கு இறக்கும் கொண்டை ஊசி வளைவு அங்கே இருந்தால், ஒருவர் முன்னதாகவே பிரேக்கை மிதிப்பார், இன்னொருவர் துணிந்து தாமதிப்பார். வளைவு வேகமானதென்றால் அந்தத் துணிச்சலுக்கு வேலையே இல்லை.

நேர்ப்பாதைக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாராமல் விடுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரியின் பின்னால் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும்: எதிர்க்காற்று சட்டென்று அடங்கும், ஹேண்டில் மட்டும் உதறும். பந்தயக் காருக்கும் அதே கதி. நேர்ப்பாதையில் முன்காரின் மறைவு லாபம். வேகமான வளைவிலோ அந்தக் கலங்கிய காற்றால் காரைத் தரையோடு அழுத்தும் விசை குறைந்து டயர் வழுக்கும். பின்னால் வருபவர் விலகித்தான் வர வேண்டும். பழைய ஃபார்முலா ஒன் கார்கள் 10 மீட்டர் இடைவெளியில் அந்த விசையில் ஏறக்குறைய பாதியை இழந்தன. 2022-இல் கார் வடிவ விதிகளையே மாற்றியது அதனால்தான்.

அதற்காக மெதுவான வளைவுகளை அடுக்கினாலும் வம்புதான். முன்கார் முதலில் வேகமெடுக்க, ஒவ்வொரு வளைவிலும் வரிசை ரப்பராக இழுபடும். 2010-இல் அபுதாபி ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டுநர் அலோன்சோ, பெட்ரோவின் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு உலகப் பட்டத்தையே செபாஸ்டியன் வெட்டலிடம் விட்டார். அங்கே நீண்ட நேர்ப்பாதைக்குப் பஞ்சமில்லை; அதற்கு முந்தைய கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் இடமும் வலமுமாக ஒடித்த சிக்கேன்தான் கார்களைப் பிரித்துவைத்தது. 2021-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. குறுகிய தெருக்களில் நடக்கும் மொனாக்கோ பந்தயத்தில் 2024-இல் முதல் பத்துப் பேரும் கிளம்பிய வரிசையிலேயே முடித்தார்கள். நம் செங்குன்றத்தைத் தாண்டி, சோழவரத்தில் பல்லாண்டு பந்தயம் நடந்தது போர்க்கால விமான ஓடுபாதையில். அங்கே அகலத்துக்கு என்ன குறை? ஆனால் தடம் முழுக்க அகலம் தேவையில்லை. டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டா பந்தயத் தடத்தில் மூன்றாம் வளைவின் நுழைவாயிலை மட்டும் விரித்துவைத்தார்கள். உள்ளே, வெளியே என்று இரண்டு வழி கிடைத்தால்தான் சண்டை.

முந்தல்களை எண்ணி விறுவிறுப்பை அளப்பதும் பிழை. 2005-இல் இத்தாலியின் இமோலா தடத்தில் ஷூமாக்கர் கடைசிவரை விரட்டியும் அலோன்சோவை முந்த முடியவில்லை. அந்தப் பந்தயத்தை இன்றும் பேசுகிறார்கள்.

மருமகன் ஈரத்துணியால் பெரிய வளைவைத் துடைத்துவிட்டு, அங்கே துளசித் தொட்டியை நகர்த்தி வைத்தான். இரண்டாம் சுற்றில் பச்சைக் கார் உள்பக்கமாக நுழைந்து சிவப்பை முந்தியது. நான்காவதில் இரண்டும் தொட்டியில் மோதின.