ட்ரிகர் காட்டும் வழியில்தான் ஆவரேஜர் போகும்: சிக்னல் ஆவரேஜிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும் ஒரு சிக்னல் திரும்பத் திரும்ப வரக்கூடியது என்றால் அதை மீட்டுவிடலாம். ஒவ்வொரு முறையும் பதிவுசெய்து, புள்ளிக்குப் புள்ளி கூட்டி, எண்ணிக்கையால் வகுத்தால் போதும். இதுதான் சிக்னல் ஆவரேஜிங், இதைச் செய்யும் கருவி ஆவரேஜர். சிக்னல் எப்போதும் அதே இடத்தில் வருவதால் நிலைத்து நிற்கும். இரைச்சல் ஒரு தடவை மேலாகவும் ஒரு தடவை கீழாகவும் விழுந்து தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும். லண்டனில் நரம்பு ஆய்வாளர் ஜார்ஜ் டாசன் 1951-இல் இதைக் கணினி இல்லாமலேயே செய்தார். சுழலும் சுவிட்ச் ஒன்று, வரிசையாகக் கெபாசிட்டர்கள், அவ்வளவுதான். இன்றைய அதிவேக ஆவரேஜர்கள் நொடிக்கு நூறு கோடி சாம்பிள்களுக்கு மேல் எடுத்து, எஃப்.பி.ஜி.ஏ. என்ற, தேவைக்கேற்ப உள்சுற்றை அமைத்துக்கொள்ளும் சிப்புக்குள்ளேயே கூட்டிவிடுகின்றன. ஆனால் டாசனின் கருவிக்கு இருந்த குணம் இவற்றுக்கும் உண்டு. ட்ரிகரோடு, அதாவது ஒவ்வொரு பதிவையும் தொடங்கிவைக்கும் துடிப்போடு, சேர்ந்து வருவது எதுவோ அதுதான் சிக்னல். வேறெதுவும் இக்கருவிக்குத் தெரியாது. பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அலை தெளிவாக இல்லையா, ஸ்வீப் (ஒரு முறை பதிவு) எண்ணிக்கையைக் கூட்டு என்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. இரைச்சல் குறைவது எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் படிதான். 100 ஸ்வீப்புக்கு 10 மடங்கு, 10,000 ஸ்வீப்புக்கு 100 மடங்கு. இப்போது இருப்பதைவிட இரண்டு மடங்கு தெளிவு வேண்டுமென்றால் நான்கு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். அதுவும் இரைச்சல் ட்ரிகருக்குச் சம்பந்தமே இல்லாமல் வந்தால்தான். சம்பந்தம் இருந்தால் பத்து லட்சம் ஸ்வீப் எடுத்தாலும் அசையாது.

இதில் மிக மோசமானது, இரைச்சல் நிறைந்த அந்தச் சிக்னலையே ட்ரிகராகப் பயன்படுத்துவது. தனி ட்ரிகர் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, அதே சேனலில் ஒரு லெவல் வைத்துவிடுகிறோம். இரைச்சல் அந்த லெவலைத் தாண்டும்போதெல்லாம் ஒரு ஸ்வீப் தொடங்கும். அப்படியானால் ட்ரிகர் புள்ளியில் ஒவ்வொரு ஸ்வீப்பின் மதிப்பும் கிட்டத்தட்ட அந்த லெவலாகவே இருக்கும். சராசரி எடுத்தால் அந்த இடத்தில் அழகான ஒரு முகடு எழும்பி, இருபுறமும் சரிந்து இறங்கும். உள்ளே சிக்னலே இல்லாவிட்டாலும் இது வரும். ஸ்வீப் கூடக் கூட முகடு இன்னும் சுத்தமாகத் தெரியும் என்பதுதான் ஆபத்து. ட்ரிகர் எப்போதும் தூண்டும் மூலத்திலிருந்தே வர வேண்டும்: லேசரின் சிங்க் அவுட்புட், பல்ஸ் ஜெனரேட்டர், ஹெட்போனுக்குக் கிளிக் அனுப்பும் சர்க்யூட், எதுவானாலும்.

அடுத்தது 50 ஹெர்ட்ஸ் கரண்ட். நொடிக்குச் சரியாக 10 முறை தூண்டினால் ஒவ்வொரு இடைவெளியிலும் மின்சாரம் முழுசாக 5 சுற்று முடித்திருக்கும். எல்லா ஸ்வீப்பிலும் அதன் ரீங்காரமான ஹம் அதே கட்டத்தில் (சுற்றின் அதே நிலையில்) வந்து உட்காரும். ஆவரேஜர் அதையும் பத்திரமாகக் கூட்டி வைக்கும். ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) ட்ரிகர் சோர்ஸ் ‘லைன்’, அதாவது மின்சாரம், என்று இருந்தாலும் இதே கதிதான். கிளிக் ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின்அலையை வைத்துக் குழந்தைகளின் காது கேட்கும் திறனைப் பார்க்கும் பெரா பரிசோதனையில் நொடிக்கு 11.1 கிளிக் போன்ற விநோதமான எண்களைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். 50-ஐ 11.1-ஆல் வகுத்தால் ஏறக்குறைய நாலரை. ஒரு ஸ்வீப்பில் ஹம் மேட்டில் இருந்தால் அடுத்ததில் பள்ளத்தில் இருக்கும். இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் அதன் இரண்டாவது ஹார்மோனிக்கான (இரு மடங்கு அதிர்வெண்ணான) 100 ஹெர்ட்ஸுக்கு விடை ஒன்பதைச் சற்றே தாண்டும். அது முழுச் சுற்று நகர்ந்து கரைய 111 ஸ்வீப் ஆகும். ஐம்பதே ஸ்வீப்பில் நிறுத்திவிட்டு ‘இன்னும் ஹம் இருக்கிறதே’ என்று கிரவுண்டிங்கைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பெராவில் தேடும் அலை ஒரு மைக்ரோவோல்ட்டைக்கூடத் தொடாது. பின்னணியில் மூளையலைகள் பத்து மைக்ரோவோல்ட் கணக்கில் ஓடும். அதனால்தான் 2,000 கிளிக் கேட்கிறார்கள், மூன்று நிமிடம்.

மின்சாரத்தையாவது வேகத்தை மாற்றி விரட்டிவிடலாம். லேசர் துடிப்பைத் திறந்துவிடும் க்யூ-ஸ்விட்ச் வெளிப்படுத்தும் மின்காந்த அதிர்ச்சி, ட்ரிகர் பல்ஸ் பக்கத்து கேபிளுக்குள் கசிவது, ஆவரேஜரின் சொந்த கிளாக் எல்லாம் தூண்டலோடு கூடவே பிறப்பவை. அவை சராசரியில் கரையாது. இதற்கு ஒரே மருந்து வெற்று ஓட்டம். ட்ரிகர் அப்படியே ஓடட்டும். லேசர் ஒளியை மட்டும் மறைத்துவிடுங்கள், அல்லது காதுக்குப் போகும் ஒலிக்குழாயை அடைத்துவிடுங்கள். அதே எண்ணிக்கையில் ஸ்வீப் எடுங்கள். அதிலும் அந்த அலை வந்தால் அது நீங்கள் தேடியது இல்லை. நேரம் வீண் என்று பலர் தவிர்ப்பது இந்தச் சோதனையைத்தான். என்னைக் கேட்டால் இது இல்லாத ஆவரேஜ் படத்தை அறிக்கையில் சேர்க்கவே கூடாது.

ட்ரிகர் நல்ல இடத்திலிருந்து வந்தாலும் நடுங்கக் கூடாது. ஜிட்டர், அதாவது ட்ரிகர் வரும் நேரத்தின் நடுக்கம், கைநடுக்கத்தில் மங்கிய புகைப்படம் போல, கூர்மையான முகடுகளைத் தேய்த்து அகலமாக்கும். 1 நானோசெகண்ட் ஆர்.எம்.எஸ். (வர்க்கச் சராசரியின் மூலம்) ஜிட்டர் இருந்தால் சுமார் 130 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதெல்லாம் தணியத் தொடங்கும், உங்கள் ஆம்ப்ளிஃபயர் 1 கிகாஹெர்ட்ஸ் என்றாலும். அயனிகள் பறந்து வரும் நேரத்தை வைத்து அவற்றின் நிறையைக் காணும் டைம்-ஆஃப்-ஃபிளைட் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இதன் விலை நேரடியாகத் தெரியும். 50 மைக்ரோசெகண்டில் வந்து சேரும் அயனியின் முகடு 2 நானோசெகண்ட் அகலம் என்றால், பக்கத்துப் பக்கத்து நிறைகளைப் பிரித்துக்காட்டும் ரிசால்விங் பவர் (நேரத்தை அகலத்தின் இரு மடங்கால் வகுப்பது) 12,500. ஜிட்டரும் தன் பங்குக்கு அதே 2 நானோசெகண்ட் அகலத்தைச் சேர்த்தால் அது 8,800-க்குச் சரிந்துவிடும். தவறு எங்கோ வேக்குவத்தில், வோல்ட்டேஜில் என்று தேடிக்கொண்டிருப்போம். வெளி ட்ரிகரும் சாம்பிளிங் கிளாக்கும் தனித்தனியே ஓடினால் ஒரு சாம்பிள் அளவு தடுமாற்றம் எப்போதும் இருக்கும். முடிந்தால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: ஆவரேஜரின் கிளாக்கிலிருந்து பிறக்கும் பல்ஸால் பரிசோதனையைத் தொடங்கவையுங்கள்.

சிக்னலை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி.யின் ரேஞ்சில் இருபக்கமும் தவறி விழலாம். சின்னச் சிக்னலைத் திரை முழுக்கப் பார்க்கும் ஆசையில் ரேஞ்சை இறுக்கினால் இரைச்சலின் உச்சிகள் வெட்டுப்படும். மேலே மட்டும் வெட்டுப்பட்டால் சராசரி கீழே இழுபடும். ரேஞ்சை அகலமாகத் திறந்தால் வேறு சிக்கல். 8 பிட் ஏ.டி.சி.யில் 500 மில்லிவோல்ட் ரேஞ்ச் என்றால் ஒரு படி ஏறக்குறைய 2 மில்லிவோல்ட். சிக்னல் 0.3, இரைச்சல் 0.1 மில்லிவோல்ட் என்றால் ஒவ்வொரு ஸ்வீப்பிலும் அதே எண்ணே வந்துகொண்டிருக்கலாம். அதன் சராசரியும் அதே எண்தான். இங்கே இரைச்சல் எதிரியில்லை, கூட்டாளி. ஆர்.எம்.எஸ். அளவில் அரைப் படியாவது இரைச்சல் இருந்தால்தான் படிகளுக்கு இடையில் உள்ளது வெளியே வரும்.

சாதாரண ஸ்கோப்பில் ஆவரேஜ் மோடு போட்டவர்கள் ஒன்றைப் பாருங்கள். 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிமிடம் ஓட்டினால் 12 லட்சம் ஸ்வீப் கிடைத்திருக்க வேண்டும். ஸ்கோப் ஒவ்வொன்றையும் கணக்கிட்டு வரைந்துவிட்டு அடுத்ததை எடுப்பதால் நடுவில் வந்தவற்றைத் தவறவிடும். சில ஆயிரங்கள் மட்டுமே சேர்ந்திருந்தால் கிடைக்கும் லாபம் ஆயிரம் மடங்கு இல்லை, ஐம்பது அறுபது மடங்குதான். கருவி காட்டும் உண்மையான எண்ணிக்கையைப் படியுங்கள். அப்படியே மெமரியையும்: 12 பிட் சாம்பிள்களை 32 பிட்டில் கூட்டினால் 10,48,576 ஸ்வீப் வரைதான் தொகை நிரம்பி வழியும் பயமில்லை.

எஃப்.எஃப்.டி. (அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) எடுத்த பிறகு ஸ்பெக்ட்ரங்களின் பவரைச் சராசரி செய்வதும் இதுவும் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் இரைச்சல் தளம் வழுவழுப்பாகுமே தவிர கீழே இறங்காது. கட்டத் தகவல் போய்விட்டால் ஒன்றையொன்று அழிக்க எதுவும் மிச்சமில்லை. இறங்க வேண்டுமானால் முதலில் நேர அலையைக் கூட்டி, பிறகு எஃப்.எஃப்.டி.க்குப் போங்கள்.

கடைசியாக, முழுத் தொகையை மட்டும் சேமித்துவிட்டுத் தனி ஸ்வீப்புகளைத் தூக்கிப்போடுவது. ஒரே ஒரு பெரிய ஸ்பைக், நோயாளி ஒரு தடவை தாடையை இறுக்கியது, லேசரின் சக்தி மெல்லச் சரிந்தது எல்லாம் அந்த ஒற்றை வளைவுக்குள் புதைந்துவிடும். எல்லாவற்றையும் சேமிக்க வட்டில் இடமில்லை என்றால் சிறு சிறு தொகுதிகளாகவாவது வையுங்கள். முதல் பாதியையும் பின் பாதியையும் தனியே வரைந்தால் சரிவு தெரியும். ஒற்றைப்படை ஸ்வீப்புகளின் சராசரியிலிருந்து இரட்டைப்படையினதைக் கழித்து, பாதியாக்கினால் சிக்னல் மறைந்து, மிச்சமிருக்கும் இரைச்சலின் அளவு கையில் கிடைக்கும். நீங்கள் காட்டும் முகடு அந்த அளவைவிட எத்தனை மடங்கு பெரியது என்பதைப் படத்துக்குக் கீழேயே எழுதிவிடலாம்.